பெயர் எழுதாத பை

மார்ச் 4

அப்பாவுக்கு,

நேற்று போனில் கேட்டதற்கு "பார்ப்போம்மா" என்றீர்கள். உங்கள் அகராதியில் அதற்கு "மாட்டேன்" என்று அர்த்தம் என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அதனால் எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் கேட்டதை எழுத்தில்தான் மறுக்க வேண்டும். அது உங்களுக்குக் கொஞ்சம் சிரமம்.

ஜூன் பதினைந்தாம் தேதி எனக்கு ஐம்பது வயது நிறைகிறது. எங்கள் குதிப்புப் பள்ளி விதிப்படி ஐம்பது நிறைந்த பயிற்றுநர் தரையில் நின்று கற்றுக்கொடுக்கலாம், குதிக்கக் கூடாது. ஆகவே பதினான்காம் தேதி குதிப்பதுதான் என் கடைசிக் குதிப்பு. அந்த ஒரு குதிப்புக்கான பாராசூட்டை நீங்கள் மடித்துத் தர வேண்டும். இதைத் தவிர எனக்கு வழியனுப்பு விழா, மாலை, சால்வை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இருபத்துநான்கு வருடத்தில் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது தடவை குதித்திருக்கிறேன். நீங்கள் முப்பத்தொரு வருடத்தில் பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பாராசூட் குடைகளை மடித்திருக்கிறீர்கள். ஒரே தொழிலின் இரண்டு முனைகளில் நின்றிருக்கிறோம். ஒரு தடவைகூட உங்கள் கை மடித்ததில் நான் இறங்கியதில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

"வயசாயிடுச்சு, உரிமம் காலாவதியாயிருக்கும்" என்று எழுதிவிடாதீர்கள். அம்மா உளறிவிட்டாள். ஓய்வு பெற்று பதினாலு வருடம் ஆன பிறகும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் மடிப்புத் தேர்வு எழுதி உரிமத்தைப் புதுப்பித்து வருகிறீர்களாமே. எதற்கு அப்பா?

உங்கள் மகள்


மார்ச் 11

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் ஒப்புக்கொண்டுவிடுவேன் என்பதால் நானும் எழுதுகிறேன்.

என்னால் முடியாது. காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன், மூன்று தேறின. முதலாவது, வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. இரண்டாவது, உங்கள் பள்ளியில் மடிப்புக்கென்று ஒருவர் இருக்கிறார். வேலை செய்யும்போது விசிலடித்துக்கொண்டே இருப்பார் என்று நீ சொல்வாயே, அந்தப் பெண். அவர் இருக்கும்போது நான் வந்து நிற்பது முறையல்ல. மூன்றாவதை எழுதினேன், அடித்துவிட்டேன்.

இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கண்ணு புரைன்னா தேர்வுல எப்படிப் பாஸ் பண்ணீங்க? அந்தக் கண்ணு தேர்வுக்குத் தெரியும், பொண்ணுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதனால் அடித்த மூன்றாவதை மறுபடி எழுதுகிறேன்.

எங்கள் மடிப்புக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மடித்த பையில் எண் மட்டும்தான் இருக்கும். பையை அலமாரியில் வைத்துவிடுவோம். குதிப்பவர்கள் கூடத்துக்குள் வர மாட்டார்கள். வெளியே ஒரு பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பித்தளை வில்லையை எடுப்பார்கள், அதில் வந்த எண்ணின் பை அவருக்கு. நான் மடித்தது யார் முதுகில் ஏறியது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பது மேலிடத்தின் விதி. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பது என் சுபாவம். முப்பத்தொரு வருடம் நான் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன். நீ என்னைப் பெயர் தெரிந்து மடிக்கச் சொல்கிறாய்.

அந்த விசில் பெண்ணே மடிக்கட்டும். சுறுசுறுப்பானவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

அப்பா


மார்ச் 22

அப்பாவுக்கு,

சரி. அந்தப் பேச்சை விடுகிறேன்.

வேறு ஒரு யோசனை கேட்க வேண்டும். என்னிடம் பயிலும் ஒரு பெண்ணுக்கு முதல் குதிப்பு வருகிறது. அவள் வீட்டார் ஒரு கேள்வியோடு வந்தார்கள், எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மடிப்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். 'அ' என்பவரிடம் பத்தாயிரத்துக்கு மூன்றுக்கும் குறைவாகப் பழுது. 'ஆ' என்பவரிடம் பத்தாயிரத்துக்குப் பதினெட்டு. ஆனால் 'அ' ஒரு பையை மடிக்க 'ஆ'வைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுப்பார், வரிசை தேங்கும். இரண்டு பேருமே உரிமம் உள்ளவர்கள். பழுதானாலும் மாற்றுக் குடை இருக்கிறது. என்ன சொல்லட்டும்?

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்


மார்ச் 29

அன்பு மகளுக்கு,

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? 'அ'தான். ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம்.

நேரத்தைப் பற்றி எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது அபூர்வம் என்பது உனக்குத் தெரியும். எங்கள் கூடத்தில் என்னை "இன்னொருதடவை" என்றுதான் கூப்பிடுவார்கள். கயிறுகளை எண்ணி முடித்ததும் இன்னொருதடவை எண்ணுவேன். மடிப்புகள் நழுவாமல் அழுத்த வைக்கும் ஈயக்குண்டுப் பைகள், கொக்கி, அளவுகோல் எல்லாம் சேர்த்து எட்டுச் சாமான், எதுவும் பைக்குள் தங்கிவிடக் கூடாது. "எட்டு எடுத்தேன், எட்டு வைத்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் பையை மூட மாட்டேன். பக்கத்து மேசைக்காரர், "ஐயா, கீழ போறவன் கிழவனாகிக் குதிக்கட்டும்னு பாக்கறீங்களா?" என்பார். கிழவனாகட்டும் என்றுதான் பார்த்தேன்.

மாற்றுக் குடை இருக்கிறது என்பதெல்லாம் பேச்சா? பின்கதவு இருக்கிறது என்று முன்வாசலில் தீ வைப்பார்களா? பத்தாயிரத்துக்கு மூன்று எங்கே, பதினெட்டு எங்கே. ஆறு மடங்குக்கும் மேல். தெரிந்துகொண்டே 'ஆ'வைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் யாராவது இருந்தால் அவர்களுக்குப் பிள்ளைமேல் அக்கறையில்லை என்றுதான் சொல்வேன். கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இரண்டாவது தடவை படித்துப் பார்த்தேன். இல்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அம்மா முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள்.

அப்பா


ஏப்ரல் 4

அப்பாவுக்கு,

'அ' நீங்கள். பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் மூன்று. 'ஆ' எங்கள் விசில். இரண்டாயிரத்து இருநூறில் நான்கு. பத்தாயிரத்துக்கு மாற்றிக் கணக்குப் பாருங்கள், இன்னொருதடவையும் பாருங்கள்.

பயிலும் பெண் என்று எழுதியது பொய். மன்னிப்புக் கேட்க மாட்டேன். மார்ச் 11 கடிதத்தில் உங்கள் மகளை 'ஆ'விடம் அனுப்பினீர்கள். மார்ச் 29 கடிதத்தில் அப்படி அனுப்புகிறவருக்குப் பிள்ளைமேல் அக்கறையில்லை என்கிறீர்கள். இரண்டும் உங்கள் கையெழுத்து. இடையில் பதினெட்டு நாள்.

விசிலிடம் இதைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "மேடம், நாலுல ரெண்டு காத்தோட தப்பு. ஆனாலும் நாலுன்னே வெச்சுக்கங்க. உங்க அப்பா நம்பருக்கு முன்னாடி நான் பேச முடியுமா?" என்றாள். உங்களுக்காக அவள் விட்டுக்கொடுக்கிறாள். நீங்கள் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், தப்பாக இருந்தால் சொல்லுங்கள். எனக்கு ஏதாவது ஆகிற வாய்ப்பு ஆறு மடங்கு கூடினாலும் பரவாயில்லை. அது உங்கள் கையால் ஆகக் கூடாது. அவ்வளவுதானே? பதினோராயிரம் பேர் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பிய கை உங்களுடையது. அவர்களும் ஒரு வீட்டில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர்கள்தான் அப்பா.

உங்கள் எண்ணிக்கையை இந்தப் பள்ளியில் நான் யாரிடம் சொல்லாமல் இருந்திருக்கிறேன்? ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் சொல்வேன். இனி எந்த முகத்தோடு சொல்வேன் என்று யோசித்துப் பாருங்கள்.

மகள்


மே 9

அன்பு மகளுக்கு,

ஐந்து வாரம் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை. விடை தெரியாமல் தாளைக் கொடுக்கக் கூடாது என்று பள்ளியில் பழக்கியிருந்தார்கள்.

உன் கடிதம் வந்த மறுநாள் நாற்பது அட்டைகள் வெட்டினேன். இருபது அட்டையில் 'அ, ஆ' என்று போட்டு அந்தக் கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் எழுதினேன். மற்ற இருபதில் அதே கேள்வியை உன் பெயரும் என் பெயரும் போட்டு எழுதினேன். கலந்து வைத்து, தினம் காலையில் பல் துலக்கிய கையோடு இரண்டு அட்டை எடுத்து, யோசிக்காமல் பதில் குறித்தேன். இருபது நாளில் முடிந்தது. பெயர் இல்லாத இருபதிலும் 'அ'. பெயர் உள்ள இருபதில் பதினேழு தடவை விசில். என்னைத் தேர்ந்தெடுத்த மூன்று நாளும் உன் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு எடுத்த அட்டைகள்.

ஒரே ஆள், ஒரே கேள்வி. என் வாழ்நாளில் ஒரு அளவுகோல் இப்படிக் காட்டியிருந்தால் அதை உடைத்து எறிந்திருப்பேன். அம்மா அட்டைகளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு இருவது நாளா? என்கிட்ட கேட்டிருந்தா ஒரு வாய் காப்பி நேரத்துல சொல்லியிருப்பேனே, நீங்க ஒரு பயந்தாங்கொள்ளின்னு" என்றாள். உண்மைதான். ஆனால் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை அவளிடமும் சொன்னதில்லை.

மூன்று பழுதுகளில் முதல் இரண்டுக்கும் காரணம் நைந்த துணி என்று விசாரணையில் தெரிந்தது. மூன்றாவது என்னுடையது. இருபத்துநான்கு வருடத்துக்கு முன், வேலை நடுவில் தபால் வந்தது. நீ எழுதியது. குதிப்புப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன், வீட்டில் சொன்னால் தடுப்பீர்கள் என்று சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மேசையில் பாதி மடித்திருந்த குடையை அப்படியே தொடர்ந்தேன். கயிறுகளை எண்ணினேன், இன்னொருதடவையும் எண்ணினேன். எட்டு எடுத்தேன், எட்டு வைத்தேன். ஒரு கயிறு துணிக்கு மேலே போயிருந்ததை இரண்டு தடவையும் நான் பார்க்கவில்லை. என் கண் கயிற்றில் இருந்தது, உள்ளே நீ விழுந்துகொண்டிருந்தாய்.

அந்தப் பை வில்லையில் வந்த மனிதர் மாற்றுக் குடையில் இறங்கினார். கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் கழித்து விதியை மீறி ஊன்றுகோலோடு கூடத்துக்குள் வந்து என் மேசை முன்னால் நின்றார். "முதல் குடையும் நீங்கதான், ரெண்டாவது குடையும் நீங்கதான்னு மடிப்பு அட்டையில போட்டிருக்கு. திட்டவா, கும்பிடவா?" என்று கேட்டார். அவரே சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

உன்னை மனதில் வைத்து நான் மடித்தது அது ஒன்றுதான். ஒன்றில் ஒன்று பழுது. இப்போது உன் பத்தாயிரத்துக் கணக்கில் இதை எந்தப் பத்தியில் போடுவாய்?

ஒரு யோசனை சொல்கிறேன். நான் வருகிறேன். பத்துப் பைகள் மடிக்கிறேன். பதினான்காம் தேதி உன்னோடு குதிக்கும் ஒன்பது மாணவர்களுக்கும் உனக்கும். எண் மட்டும் போடுவேன். நீங்கள் வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். எது உன்னுடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. இதற்கு ஒப்புக்கொண்டால் வருகிறேன்.

அப்பா


மே 15

அப்பாவுக்கு,

மூன்றாவது பழுதைப் பற்றிப் படித்துவிட்டு வெளியே போய் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். இருபத்துநான்கு வருடம் இதை வைத்துக்கொண்டு எனக்கு வாராவாரம் "சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றில் ஒன்று என்பது கணக்கே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் அதைப் பற்றி வாதாட மாட்டேன்.

வில்லை யோசனையைக் கணக்காகப் பார்த்தால் எனக்கு எதுவும் மாறவில்லை. பத்தில் எதை எடுத்தாலும் அதே கை, அதே வாய்ப்பு. மாறுவது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டும். இதைப் போன மாதம் எழுதியிருந்தால் பல்லைக் கடித்திருப்பேன். இப்போது சரி என்கிறேன். அந்த ஒன்பது பேருக்கும் லாபம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அட்டைகளுக்குத் துணையாக இருக்கட்டும். நாலாயிரம் அடியிலிருந்து சிரித்துக்கொண்டே குதிக்கிற நான், விமானத்தில் உட்கார்ந்தபடியே தரையிறங்க வேண்டி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முன் இருக்கையைப் பிடித்துக்கொள்வேன். காற்று பலமாக இருந்த ஒரு நாள் குதிப்பை ரத்து செய்து விமானத்தைத் திருப்பினார்கள். "மேடம், குதிக்கறதைவிட இறங்கறது ரொம்பப் பாதுகாப்பு" என்று விமானி கத்தினார். "தெரியும்யா, கதவைத் திற!" என்று நான் கத்தினேன். மாணவர்கள் முன்னால். இது பரம்பரைச் சொத்து போலிருக்கிறது.

விசில் உங்களுக்காக மேசையைத் துடைத்து வைத்திருக்கிறாள். ஒரு நிபந்தனை போட்டாள்: "பெரியவர் வரட்டும், ஆனா விசிலை நிறுத்தச் சொல்லக் கூடாது."

உங்கள் மகள்


ஜூன் 13, மாலை, உங்கள் மடிப்புக் கூடம்

அன்பு மகளுக்கு,

இதை உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். நாளைக் காலை நீ பார்ப்பாய். பேச வந்தால் உளறிவிடுவேன்.

மூன்று நாளில் பத்துப் பையும் முடிந்தது. உங்கள் மேசை எங்களுடையதைவிட ஒரு சாண் உயரம். முதல் நாள் தோள் வலித்தது, பிறகு பழகிவிட்டது. அந்த விசில் பெண் முதல் நாள் என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாம் நாள் நான் கயிறுகளை இரண்டாம் தடவை எண்ண ஆரம்பித்ததும் விசிலை நிறுத்திவிட்டு, "ஐயா, முதல் தடவை எண்ணினவர் மேல அவ்வளவு சந்தேகமா?" என்று கேட்டார். "ஆமாம்மா, அவரை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு நல்ல ஸ்நேகம். அவர் கை வேகத்தைப் பார்த்தேன். அவசரம் இல்லை அது, பழுத்த வேகம். நாலு என்பது அந்தக் கைக்கு நியாயமான எண் இல்லை. அவரிடமே சொன்னேன். அன்று முழுக்க விசில் ஒரு ஸ்வரம் கூடுதலாகவே இருந்தது.

ஏழு பைகள் எப்போதும்போல மடித்தேன். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒன்று. எட்டாவதில் துணியை விரித்ததும் இது உன்னுடையது என்று தோன்றிவிட்டது. காரணம் எதுவும் கிடையாது. தோன்றியது. பாதி மடித்துப் பிரித்தேன். மறுபடி மடித்துப் பிரித்தேன். நான்கு தடவை. ஐந்தாவது தடவை துணியில் கை வைத்தபோது அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, மத்த ஏழு பேருக்கு ஒரு தடவை, இவங்களுக்கு மட்டும் நாலு தடவையா? அந்த ஏழு பேர் கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார். குரலில் கேலி இல்லை.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வில்லை, எண், குலுக்கல் என்று நான் கட்டிய வேலியை நானே தாண்டிவிட்டிருந்தேன். உன்னை மறந்துவிட்டு மடிக்கலாம் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை. ஏன் முடிய வேண்டும் என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு சீட்டு வாங்கி உன் பெயரை முழுதாக எழுதினேன். மடிப்பதற்கு முன்பே, காலிப் பையில், அதைக் கட்டினேன். மேசையில் என் கண் முன்னால் வைத்துக்கொண்டு எட்டாவதை மடித்தேன். ஒரே தடவை. நாற்பத்தைந்து நிமிடம். பயந்துகொண்டே கயிறு எண்ண முடியும் என்று தெரிந்துகொண்டேன். எட்டு எடுத்தேன், எட்டு வைத்தேன். மடிப்பு அட்டையில் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே நாளை நீ வில்லை எடுக்க வேண்டாம். உன் பை அலமாரியில் தனியாக இருக்கிறது. மடித்தது நான். யாருக்கு என்று தெரிந்து மடித்தேன்.

வேண்டாம் என்று தோன்றினால் விசில் மடித்த பைகளும் அங்கேயே இருக்கின்றன. அவரை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் நீ கேட்டால், நான் என்னைத்தான் சொல்வேன்.

நான் காலை ஏழு மணிப் பேருந்தில் ஊருக்குப் போகிறேன்.

அப்பா


ஜூன் 16

அப்பாவுக்கு,

ஏழு மணிப் பேருந்தில் ஏறினவரை விசில் எட்டரை மணிக்கு மடிப்புக் கூடத்தில் பார்த்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தீர்களாம். வெளியே வர மாட்டேன், ஒவ்வொருவர் இறங்கியதும் சன்னலுக்கு வந்து எத்தனையாவது ஆள் என்று சொல்லு என்றீர்களாம். "ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் சொன்னேன் மேடம். பத்துன்னு சொன்னதும் எட்டிப் பார்த்தா பெரியவர் மேசையைத் துடைச்சிக்கிட்டு இருக்கார். ஏற்கெனவே சுத்தமா இருந்த மேசை" என்றாள். நான் கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடி வருவதற்குள் பத்தரை மணிப் பேருந்து போய்விட்டது. அப்பா, என்னதான் மனிதரோ நீங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மாணவர்கள் ஒன்பது பேரும் போன பிறகு கடைசியாக நான் குதித்தேன். குடை விரிந்தது. கயிறுகளில் ஒரு முறுக்கு விழுந்திருந்தது. முழுச் சுற்று ஒன்று, பாதி ஒன்று. காலை உதைத்து எதிர்ப்பக்கம் திரும்பினேன், நாலு விநாடியில் பிரிந்தது. பிறகு துணியில் ஒரு சுருக்கம் இல்லை. பதினொரு நிமிடம் போலத் தோன்றியது, உண்மையில் மூன்றுதான் இருக்கும். இலக்கிலிருந்து இரண்டு எட்டு தள்ளி, நின்றபடியே இறங்கினேன்.

முறுக்கு என் கோளாறு. கதவில் நிற்கும்போது சிரித்துக்கொண்டிருந்தேன், இடது முட்டி தூக்கிக்கொண்டது. மாணவர்களுக்கு இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்த அதே தப்பு. அட்டையில் அப்படியே எழுதியிருக்கிறேன்: "முறுக்கு, காரணம் குதித்தவர்." நீங்கள் மாற்றி எழுதச் சொன்னால் மாற்ற மாட்டேன். குதித்தது நான். என் தப்பு எனக்கு வேண்டும்.

அன்று மாலையே ஒரு விஷயம் ஆகிவிட்டது. அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, பேசவே மாட்டாள், கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். அடுத்த மாதம் முதல் தடவையாக கதவருகே பயிற்றுநர் நின்று சொல்லாமல் தனியாகக் குதிக்கப் போகிறாள். வந்து நின்று, "மேடம், உங்க பையில பேர் எழுதியிருந்ததே. எனக்கும் அப்படி ஒண்ணு மடிச்சுத் தருவாங்களா?" என்று கேட்டாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. உங்களுக்குச் சிரமம் என்று தெரியும். கேட்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உங்கள் மகள்


ஜூன் 23

அன்பு மகளுக்கு,

முறுக்குக்கு இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். கயிறுகளைப் பைக்குள் அடுக்கிய விதத்திலும் முறுக்கு வரும் என்பதை நீ மறைக்கப் பார்க்கிறாய். என் குறிப்பேட்டில் பழுது மூன்று என்பதை மாற்றவில்லை. ஆனால் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டு "முறுக்கு, ஒன்று" என்று எழுதியிருக்கிறேன். மொத்தம் பதினோராயிரத்து நானூற்று இருபத்திரண்டு. உன் அட்டையில் உன் தப்பு இருக்கட்டும். என் ஏட்டில் என்னுடையது இருக்கட்டும்.

நான் இறங்கிய பேருந்து நிறுத்தத்துக்கு உன் அம்மா முழங்காலோடு நடந்து வந்திருந்தாள். "குதிச்சாளா?" என்று கேட்டாள். "நான் மடிச்சதுல" என்றேன். கேட்டதற்குப் பதில் அது இல்லை என்று வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் வழியில் பார்த்த மூன்று பேரிடம் அவளே, "இவர் மடிச்சதுலதான் குதிச்சா" என்று சொன்னாள். நான்காவது ஆளிடம் நான் சொன்னேன். எனக்கு அறிமுகமில்லாத ஆள்.

அட்டைகளை மறுபடி கலந்து எடுத்துப் பார்க்கலாமா என்று ஒரு நாள் தோன்றியது. எடுக்கவில்லை. இப்போது என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு ஒன்றும் அதற்கு மறுநாள் வேறொன்றும் வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்த மாணவி கேட்டதைப் பற்றி நான்கு நாள் யோசித்தேன். கணக்குப்படி பார்த்தால், ஒருவரை மனதில் வைத்து நான் மடித்தவை மொத்தம் இரண்டு. ஒன்று பழுது, ஒன்று முறுக்கு. இப்படி ஒரு ஏடு வேறொருவருடையதாக என் முன்னால் வந்தால், இவரிடம் பெயர் சொல்லிக் கொடுக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

அந்தப் பெண்ணை ஒரு தாளில் தன் பெயரை எழுதி அனுப்பச் சொல். சுருக்கமாக வேண்டாம், முழுப் பெயர். எடையையும் எழுதட்டும். எந்தத் தேதி என்பதைச் சொல், இரண்டு நாள் முன்னதாக வருகிறேன். அந்த மேசையை ஒரு சாண் தாழ்த்தி வைக்க முடியுமா என்று விசிலிடம் கேட்டுப் பார்.

அப்பா